ஏரிக்கரை வீட்டின் பிளக் பாயிண்டுகள்

வியாசர்பாடி,
13-6-1999

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

தாயம்மா எழுதுவது. ஜெய்பீம். நானும் நம் சங்கமித்ராவும் சுகம். ஷார்ஜாவில் கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்கி ஒயர் இழுக்கிற நீங்கள், போன கடிதத்தில் ‘நல்லா கீறேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதை அப்படியே நம்ப நான் நேற்று வந்த பெண்டாட்டி இல்லை. முதுகு வலி எப்படி இருக்கிறது, ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விவரமாக எழுதவும்.

இப்போது முக்கியமான சேதி. நமக்கு வீடு பார்த்துவிட்டேன். ஆவடியில் இறங்கி பஸ்ஸில் இருபது நிமிஷம் போக வேண்டும். அல்லி நகர் என்று பெயர். ஏரிக்கரையை ஒட்டி நாற்பது வீடு இருக்கும். நாம் பார்த்தது கடைசி வரிசை. இரண்டு ரூம், ஒரு சமையலறை, கொல்லையில் ஒரு நாவல் மரம். கொல்லைக் கதவைத் திறந்தேன், எதிரே ஏரி! இந்தக் கோடையிலும் பாதிக்கு மேல் தண்ணீர். கறுப்பு கறுப்பாகப் பறவைகள் முங்கி முங்கி மீன் பிடிக்கின்றன. துணைக்கு வந்த உங்கள் தம்பி பாரி சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, ‘இன்னா காத்து அண்ணி, இந்த வூட்டுக்கு ஃபேனே வாணாம்’ என்றான். பதினைந்து வருஷமாக நம் ஹவுசிங் போர்டு கீழ்த்தளத்து ஜன்னலைத் திறந்தால் சாக்கடையும் அடுத்த பிளாக்கின் பின்சுவரும்தானே தெரிகிறது. அந்தக் கதவைச் சாத்த மனசே வரவில்லை எனக்கு.

ஆனால் நான் ஏரியைப் பார்த்து ஏமாறுகிற ஆள் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் முதலில் பிளக் பாயிண்டைத்தான் தேடினேன். நம் பக்கத்தில் பெண் கொடுக்கப் போனாலும் அதைத்தானே பார்ப்போம்? பிளக் மார்பு உயரத்தில் இருந்தால் அந்த வீட்டில் தண்ணீர் ஏறும் என்று அர்த்தம். நீங்கள்தான் நம் பிளாக்கில் பன்னிரண்டு வீட்டுக்கும் கூலி வாங்காமல் பிளக்கை மேலே ஏற்றிக் கொடுத்தீர்கள். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித்தான் உங்கள் பெயரை எடுக்கிறார்கள். அல்லி நகர் வீட்டில் பிளக் எங்கே இருக்கிறது தெரியுமா? முட்டிக்குக் கீழே! அத்தனை ரூமிலும்! நான் குனிந்து குனிந்து பார்த்ததைக் கண்டு பாரி, ‘நீ வூட்டப் பாக்க வந்தியா, பிளக்கப் பாக்க வந்தியா?’ என்று கேலி செய்தான். அவனுக்கு என்ன தெரியும். இவர்கள் வீட்டு வாசலைத் தண்ணீர் மிதித்ததே இல்லை என்று நான் அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டை விற்கிறவர் பெயர் தவசிமுத்து. திருநெல்வேலிப் பக்கம். ஆவடியில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆகிவிட்டார். ஊருக்கே போகிறார்களாம். அவர் சம்சாரம் சீனியம்மாள் காபி போட்டுக் கொடுத்தார். போன மாதம் பார்த்த இரண்டு வீட்டிலும் என்ன நடந்தது என்று எழுதியிருந்தேன். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், வியாசர்பாடி என்றேன், நீங்க என்ன ஆளுங்க என்று அடுத்த கேள்வி வந்தது. அதோடு வீடு ஏற்கெனவே பேசி முடித்ததாகிவிட்டது. இங்கேயும் அந்தக் கேள்வி வரும் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். வியாசர்பாடி என்று நானே சொன்னேன். சீனியம்மாள், சர்க்கரை போதுமா என்றுதான் கேட்டார்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரமே பதிவு செய்யலாம் என்றேன். அங்கேதான் இடித்தது. தவசிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, ‘ஐப்பசி கார்த்திகையில ஒரு மழைக்கு வந்து பாத்துட்டுப் போங்கம்மா, அதுக்குப் பெறவு பதிஞ்சுக்கிடலாம்’ என்கிறார். எதுக்கு மழை? பிளக்தான் முட்டிக்குக் கீழே இருக்கிறதே! எனக்குச் சுருக்கென்றது. யாரோ எதையோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். நேரே சொல்ல வாய் வராமல் ஆறு மாதம் இழுத்தடித்தால் நாமே போய்விடுவோம் என்று பார்க்கிறார். முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். அந்தக் கொல்லைக் கதவு என்னைச் சொல்லவிடவில்லை. இந்த வீடு நமக்குக் கிடைக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

உங்கள் கடிதத்துக்குக் காத்திருக்கும்,
தாயம்மா

---

வியாசர்பாடி,
24-11-1999

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஜெய்பீம். உங்கள் கடிதம் மழையோடு மழையாக நனைந்து வந்து சேர்ந்தது. டிசம்பரில் காண்ட்ராக்ட் முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாகவும், அந்தச் சம்பளத்தில் அல்லி நகர் வீட்டுக்கு மேலே மாடி எடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றிக் கடைசி பதில் இந்த மாதத்துக்குள் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் முழுவதையும் படியுங்கள்.

போன வாரம் ஆறு நாள் இங்கே விடாத மழை. நம் வீட்டுக்குள் கட்டில் கால் முழுகும் வரை தண்ணீர். அரிசி டிரம்மைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டு, சங்கமித்ராவை மூன்றாம் மாடியில் செங்கொடி அக்கா வீட்டில் படிக்க அனுப்பிவிட்டேன். கரண்ட் போய் வந்தபோது நம் பிளாக்கில் ஒருவருக்கும் ஷாக் அடிக்கவில்லை. எல்லாம் நீங்கள் ஏற்றி வைத்த பிளக்கின் புண்ணியம்.

நாலாம் நாள் காலையில் எனக்கு ஒரு வீம்பு வந்தது. மழைக்கு வா என்றாரே, இதோ மழை, போய் நிற்போம், இன்றைக்கு என்ன சாக்குச் சொல்கிறார் பார்ப்போம் என்று தனியாகவே கிளம்பிவிட்டேன். ரயில் நின்று நின்று ஆவடி போக இரண்டு மணி நேரம் ஆனது. அல்லி நகர் முனையில் கணுக்கால் அளவு தண்ணீர், கடைசி வரிசையில் முட்டிக்கு மேல். கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. திறந்துதான் கிடந்தது. தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்ட பிளக் பாயிண்ட் அத்தனையும் தண்ணீருக்கு அடியில்.

கட்டில் மேல் ஸ்டவ் வைத்துச் சீனியம்மாள் சோறு வடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு, ‘யம்மா, இந்த மழையிலயா வந்தே, ஏறு ஏறு’ என்று கையைப் பிடித்துக் கட்டில் மேல் இழுத்துவிட்டார். என் புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. பெட்டியைத் திறந்து தன்னுடைய புடவை ஒன்றை எடுத்து, இதைக் கட்டிக்கோ என்று கொடுத்தார். பச்சையில் மஞ்சள் பூப்போட்டது. நான் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். எதை யோசித்தேன் என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. அவருக்கு நான் யோசிப்பதே புரியவில்லை. ‘அளவு ஜாக்கெட் இல்லையேன்னு பாக்கியா’ என்று கேட்டார். கட்டிக்கொண்டேன். அவர் குடித்த டம்ளரிலேயே எனக்கும் ரசம் ஊற்றிக் கொடுத்தார். வீட்டில் மற்ற பாத்திரமெல்லாம் மிதந்துகொண்டிருந்தது.

தவசிமுத்து கரையிலிருந்து வந்தார். நகர் ஆண்கள் எல்லோரும் அங்கே மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்களாம். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. ‘நானும் கோடையிலதாம்மா இந்த இடத்தை வாங்கினேன். எங்க ஊர்ல தண்ணிக்குத் தவம் கெடப்போம், ஏரி வீட்டுக்குள்ள வரும்னு நான் என்னத்தைக் கண்டேன். நம்மள மாதிரி நீங்களும் தெரியாம வாங்கிடக் கூடாதுன்னுதான் மழைக்கு வரச் சொன்னேன். வேண்டாம்னா அட்வான்ஸைத் திருப்பித் தந்துடுதேன்’ என்றார். எனக்கு அந்தத் தண்ணீரிலேயே முங்கிவிடலாம் போல இருந்தது. ஐந்து மாதமாக அந்த மனுஷனை மனசுக்குள் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்! பேசாமல் இருந்திருந்தால் ஜூன் மாதமே பதிந்து, வீட்டை நம் தலையில் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். பிளக் கீழே இருந்ததற்கு ஒரே காரணம், வீடு கட்டிய இவருக்குத் தண்ணீரைத் தெரியாது. தண்ணீர் வந்தால் வடிகிற வரை மெயினை அணைத்துவைத்தே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். வியாசர்பாடிக்காரி நான், எல்லாம் தெரியும் என்கிற திமிரில் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டேன். நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் மழை சற்று ஓய்ந்ததும் கொல்லைக் கதவருகே நின்று பார்த்தேன். ஏரி நிரம்பி, கரை தெரியாமல், அடிவானம் வரை ஒரே வெள்ளி. தண்ணீருக்குள் முட்டி வரை நின்றுகொண்டு அதே தண்ணீரை அழகு பார்த்த பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏரியின் உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழியாக இரண்டு நாளில் வடிந்துவிடும் என்றார்கள். நேற்று பாரியை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னேன். சொன்னபடியே வடிந்துவிட்டது. நம் பிளாக்கில் இன்னும் வடியவில்லை. இங்கே நிற்பது ஏரித் தண்ணீரா, சாக்கடையா என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது என் பதில். அந்த வீட்டையே வாங்குவோம். தண்ணீரோடு பிழைக்க நமக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து அதைத்தானே செய்கிறோம். ஆனால் ஒரு வீட்டு வாசலில் நின்று பெயரையும் ஊரையும் சொல்லும்போது, அடுத்தது என்ன கேட்பார்களோ என்று பயந்து நிற்கிறோமே, அது இனி என்னால் முடியாது. அந்தப் பயம் சங்கமித்ராவுக்கு வேண்டவே வேண்டாம். அல்லி நகரில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தண்ணீரில் நடந்து வந்து, எப்போ குடி வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாடி வேண்டாம். சாமான் ஏற்ற ஒரு பரண் போதும். தரையை ஒரு முழம் உயர்த்தினால் போதும். அதற்கெல்லாம் இன்னும் இரண்டு வருஷம் நீங்கள் அந்த இரும்பு வயிற்றுக்குள் கிடக்க வேண்டியதில்லை. சங்கமித்ரா நீங்கள் போனபோது என் தோளுக்கு இருந்தாள். இப்போது என்னைவிட அரை விரல் உயரம்.

கிளம்பும் முன் ஒரு காரியம் செய்துவிட்டு வந்தேன். தவசிமுத்துவிடம் பென்சில் வாங்கி, ஒவ்வொரு ரூமிலும் சுவரோடு சுவராக நின்று, என் மார்பு உயரத்துக்கு ஒரு கோடு போட்டேன். எதற்கம்மா என்று கேட்டார். பிளக் பாயிண்ட் ஏற்ற என்றேன். பக்கத்துத் தெருவில் நல்ல வயர்மேன் இருக்கிறார், மழை நின்றதும் கூட்டி வரட்டுமா என்றார். வேண்டாம், எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் பதிவு. சீனியம்மாளின் புடவையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், அன்றைக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கோட்டை வேறு யாரையும் தொட விடமாட்டேன். கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் டூல்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என்றும் உங்கள்,
தாயம்மா