திருத்தத்திற்கு முன்

மார்ச் 9, சனி

மூக்கு ஒழுகுகிறது. தேவதாரு மரங்களின் மகரந்தம் இந்த வருடமும் என்னைத்தான் குறி வைத்திருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, மகள் கனாயேவோடு அருங்காட்சியகம் போனேன். ‘மிச்சியும் கடைசிப் படகும்’ அனிமேஷன் படம் வெளிவந்து ஐம்பது ஆண்டுகள் ஆனதற்கான கண்காட்சி. படத்துக்கு வரைந்தவர்களில் ஒருவன் என்று இலவசச் சீட்டு அனுப்பியிருந்தார்கள். போகாமலே இருந்திருக்கலாம்.

மூன்றாவது அறையில் தனியாக ஒரு சுவர். மிச்சியின் அம்மா படகில் போகிறாள், குழந்தை மிச்சி துறையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. இடது பக்கம் வெள்ளைத் தாளில் நான் வரைந்தது. வலது பக்கம், ஓவிய மேற்பார்வையாளர் மகாபே சுமியே அதன்மேல் வைத்துத் திருத்திய மஞ்சள் தாள். நான் வாய் பிளந்து கதறவிட்டிருந்தேன். அவள் வாயை மூடிவிட்டாள்.

கீழே அச்சில்: திருத்தத்திற்கு முன் — இனாமி தொக்குஜி. திருத்தத்திற்குப் பின் — மகாபே சுமியே.

“அப்பா, உங்க பேரு!” என்று கனாயே படம் எடுக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். ரயிலில் அவள் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

தூங்கவில்லை. அந்தப் பொம்பளை மகாபேவுக்கு எண்பத்தாறு வயதாம். நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 12, செவ்வாய்

நேற்று அருங்காட்சியகம் விடுமுறை. இல்லாவிட்டால் நேற்றே போயிருப்பேன். கண்காட்சிப் பொறுப்பாளர் செரிசாவா என்று ஒரு பையன், தேநீர் வைத்தான். தொடவில்லை.

“உங்க பேரு இருந்தா உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நெனச்சோம் சார்.”

“ஒருத்தனை அறையறதைப் படம் புடிச்சு மாட்டிட்டு, அடி வாங்கினவன் பேரையும் கீழ எழுதறது பெருமையா தம்பி?”

படத்தையே எடுக்கச் சொன்னேன். அது ஸ்டுடியோவின் சொத்து, முடியாது என்றான். அப்படியானால் பெயரையாவது எடு என்றேன். இரண்டு முறை “யோசிச்சுக்கோங்க சார்” என்றான். எனக்கு யோசிக்கத் தெரியாதென்று நினைத்தான் போல. எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 15, வெள்ளி

எடுத்துவிட்டார்கள். ‘திருத்தத்திற்கு முன்’ என்பதற்குக் கீழே வெறும் வெள்ளை.

நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் வந்தார்கள்.

“ஐயோ, வாயைப் பாரேன். தவளை மாதிரி.”

“பேரு கூடப் போடல. கத்துக்குட்டி யாரோ வரைஞ்சிருப்பான், பாவம்.”

பாவமாம்! யாருக்கடி பாவம்? அறைக் காவலுக்கு இருந்த பெண் நாற்காலியிலிருந்து எழுந்து என்னையே பார்க்கவும்தான், வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது.

மார்ச் 19, செவ்வாய்

சனிக்கிழமை மகாபே அந்தச் சுவர் முன்னாலேயே பேசப்போகிறாளாம். கேள்வி கேட்கலாமாம். கேட்கிறேன்.

மார்ச் 23, சனி

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

அறுபது பேர் இருப்பார்கள். அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சுருங்கிப் போயிருக்கிறாள், குரல் மட்டும் அதே அதிகாரம். நான் முகக்கவசத்தோடு மூன்றாவது வரிசையில். எழுந்து கேட்டேன்: “அம்மாவைப் பிரியற குழந்தை வாயை மூடிக்கிட்டா அழும்? நீங்க பண்ணினது தப்பு இல்லையா?”

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசரவில்லை.

“இன்னைக்குக் குடுத்தாலும் மூடத்தான் செய்வேன். வாயைத் திறந்தா மிச்சி அழுவா. மூடினா நீங்க அழுவீங்க.”

சிரிப்பு, கைதட்டல். உட்காரப் போனேன்.

“இருங்க, முடிக்கல. அந்த மஞ்சள் தாளை நல்லாப் பாருங்க. முகம் மட்டும்தான் இருக்கு. கயித்தைப் புடிச்சிருக்கற கை இல்ல. மாத்த வேண்டியதை மட்டும்தான் நாங்க வரைவோம். அந்தக் கை மேல பென்சில் வைக்க எனக்குத் தைரியம் வரல. படத்துல நீங்க பாக்கறது அந்தப் பையன் வரைஞ்ச கைதான். படம் வரைஞ்ச அந்தக் கோடை முழுக்க என்னோட சண்டை போட்டான். அவன் பேரு... நாக்கு நுனில நிக்குது. கீழ போட்டிருப்பாங்களே?”

திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். வெறும் வெள்ளை.

செரிசாவா என்னைப் பார்த்தான். ஒரு சொல் போதும். முகக்கவசத்தை இறக்கினால் போதும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “போகட்டும், வயசாயிடுச்சு” என்று அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

மஞ்சள் தாளில் இல்லாதது எல்லாம் தேறியது என்று அர்த்தம். எனக்குத் தெரியாததா? புதிதாக வந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தத் தாளில் மட்டும் அந்த வாயைத் தவிர எதுவும் என் கண்ணில் படவில்லை. முட்டாள். கிழட்டு முட்டாள்.

மார்ச் 24, ஞாயிறு

காலையில் முதல் ஆளாக உள்ளே போனேன். மை பேனா கூடாதாம், பென்சில் மட்டும்தான் அனுமதி. என்னிடம் பென்சில் எப்போது இல்லாமல் இருந்தது? அந்த வெள்ளை இடத்தில் எழுதினேன் — இனாமி தொக்குஜி. கடைசி எழுத்தை முடிப்பதற்குள் காவலுக்கு இருந்த பெண் ஓடி வந்துவிட்டாள்.

அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கனாயே வந்து எல்லோருக்கும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டாள். கண்காட்சி முடியும்வரை நான் அந்தப் பக்கமே வரக்கூடாதாம். வெளியே வந்ததும், “ஏம்பா, நீங்க என்ன சின்னப் பிள்ளையா?” என்று கத்தினாள். என்னை வீட்டு வாசலில் விட்டுவிட்டு உள்ளே வராமல் போய்விட்டாள்.

மார்ச் 28, வியாழன்

மதியம் சோபா நூடுல்ஸைக் கொதிநீரில் போட்ட நேரத்தில் தொலைபேசி. செரிசாவா.

“நேத்து மகாபே அம்மா மறுபடி வந்தாங்க சார். நீங்க எழுதினதைப் பாத்தாங்க. யாரும் அழிக்கக் கூடாதுன்னுட்டாங்க.”

“வேற என்ன சொன்னா?”

தயங்கினான். சொல்லு தம்பி என்றேன்.

“‘இவனேதான். திமிர் புடிச்சவன். இன்னும் உயிரோடவா இருக்கான்?’ன்னு கேட்டாங்க சார்.”

“இருக்கேன்னு சொல்லு.”

நூடுல்ஸ் குழைந்து போயிருந்தது. அதையே சாப்பிட்டேன். அவளுடைய தொலைபேசி எண்ணைக் கேட்காமல் வைத்துவிட்டேன். நாளை கேட்க வேண்டும். அந்த வாய் விஷயம் இன்னும் முடியவில்லை.