கொக்கி இல்லாத ஒப்பந்தம்

ருவைஸ், அபுதாபி
ஜூன் 14

அன்புள்ள வள்ளிக்கு,

இங்கே நானும் அறை ஏசியும் நலம். இந்த வெயிலில் இரண்டில் எது நின்றாலும் மற்றதும் நின்றுவிடும் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். நீயும் அகிலாவும் நலமாக இருக்க அழகர் துணை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ நான்கு வரி சொல்லிவிடுகிறாய். இங்கிலீஷ் டீச்சரைக் கட்டியவனுக்குத் தமிழில் பேசவும் வாய்ப்பில்லை. கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது. எழுதி, போட்டோ பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

கொரியாவில் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் வேலை, ஒரு வருட ஒப்பந்தம், இருபத்தைந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், "வெளிநாட்டுல ஊறுனவங்க நீங்கதான, படிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று நீ அனுப்பியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நீ என்னிடம் கேட்ட முதல் ஆலோசனை இது. அந்தப் பெருமையை அறை முழுக்கச் சொல்லிவிட்டேன். அதனால் ஒப்பந்தத்தை நான் மட்டும் படிக்கவில்லை, அறையே உட்கார்ந்து படித்தது.

சைட் ஆபீசில் பேப்பர் வேலை பார்க்கும் சதக்கத்துல்லா அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தான். அவன் வாசித்துத் தமிழில் சொல்ல, ஃபாரூக் பாய் குறுக்கு விசாரணை செய்தார். இராமநாதபுரத்துக்காரர், எங்கள் அறைக்கு மூத்தவர். வளைகுடாவில் நான்கு கம்பெனி பார்த்து நான்கிலும் ஏமாந்தவர் என்பதால் ஒப்பந்த விஷயத்தில் அவர் சொல்வதுதான் சட்டம். மெஸ்ஸில் சமைக்கும் அருள்ராஜ் சுலைமானி டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவனும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.

முதல் பக்கத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் பாடம் நடத்தினால் போதுமாம். "அச்சுப் பிழையா இருக்கும், அது ரெண்டு நாள் கணக்கு" என்றார் பாய். தங்குவதற்குத் தனி வீடு, அதில் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். அந்த மெஷின் எத்தனை பேருக்கு என்று பாய் கேட்டார். ஒருத்திக்குத்தான் என்று சதக் சொன்னதும் பாய் அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். எங்கள் மாடியில் ஒரு மெஷினுக்கு நடக்கும் சண்டை உனக்குத் தெரியும். சம்பளம் இருந்த வரியை மட்டும் சதக் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி வாசித்தான். என்னுடையதைவிடக் கூட. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை.

வகுப்பில் உன்னோடு அந்த ஊர் டீச்சர் ஒருத்தரும் கூடவே நிற்பாராம். ஒரு வேலைக்கு இரண்டு ஆளா? அப்படியென்றால் ஆறு மாதத்தில் ஒரு ஆளைக் கழற்றிவிடுவார்கள், அது உள்ளூர் ஆளாக இருக்காது என்பது அருள்ராஜின் கணிப்பு.

எல்லாவற்றுக்கும் மேலே பாஸ்போர்ட். பள்ளிக்கூடம் அதை வாங்கி வைத்துக்கொள்வதாக எங்கேயும் எழுதவில்லை. சதக்கை மூன்று தடவை தேட வைத்தோம். நான் இங்கே இறங்கிய அன்றே, "தொலைச்சுருவ, நம்மகிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று கம்பெனி வாங்கிப் பூட்டிக்கொண்டது. கஃபீல் என்று இங்கே சொல்வோமே, நம்மைக் கொண்டுவந்து நமக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, அப்படி ஒரு ஆள் பெயரும் அதில் இல்லை. பாஸ்போர்ட்டையும் வாங்காமல், கஃபீலும் இல்லாமல், ஒரு பெண்ணுக்கு டிக்கெட் கொடுத்துக் கூப்பிடுகிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருப்பான்?

பாய் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாப்ள, எலிப்பொறியில வைக்கிற மசால் வடையிலதான் பருப்பு அதிகமா இருக்கும். கொக்கி கண்ணுக்குத் தெரிஞ்சா பொழச்சுக்கலாம். தெரியலைன்னா அது தொண்டையில இருக்குன்னு அர்த்தம்."

அதனால் கையெழுத்துப் போடாதே. நீ கவலைப்படாமல் இருக்க நானே ஒரு வேலையும் செய்துவிட்டேன். ஒப்பந்தத்தின் அடியில் இருந்த கொரியா ஆபீசின் முகவரிக்கு, சதக்கை வைத்து இங்கிலீஷில் ஒரு மெயில் அனுப்பியிருக்கிறேன். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வாங்கவில்லை என்றால் ஏன் வாங்கவில்லை, கஃபீல் யார், டீச்சர் என்று கூட்டிப்போய்க் கூட்டிப் பெருக்கவிடுவீர்களா என்று எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டிருக்கிறேன். கீழே உன் பெயரும், 'கணவர்' என்று என் பெயரும் போட்டிருக்கிறது. புருஷன் ஒருத்தன் இருக்கிறான் என்று தெரிந்தால் பயப்படுவார்கள்.

அகிலாவை ஒரு வருஷம் தேனியில் உன் அண்ணன் வீட்டில் விடலாம் என்று சொன்னாயே, அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பன் அபுதாபியில், அம்மா கொரியாவில், பிள்ளை தேனியில் என்றால் ரேஷன் கார்டைத் தவிர நாம் சேர்ந்திருக்க வேறு இடம் இருக்காது.

உன் நலமே நினைக்கும்,
அழகுமலை

ருவைஸ்
ஜூன் 19

அன்புள்ள வள்ளிக்கு,

நான் நலமாக இல்லை. நீயும் கோபமாக இருக்கிறாய் என்பதால் நலம் விசாரிக்கவில்லை.

அந்த மெயிலுக்கு அவர்கள் உனக்கும் சேர்த்துப் பதில் போடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே கம்பெனிக்கு மெயில் போட்டால் யாருக்குமே பதில் வராது. அந்தத் தைரியத்தில்தான் அனுப்பினேன்.

நீ போன் செய்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையெல்லாம் குழம்பு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். "பதினோரு வருஷமா அந்தப் பாலைவனத்துல இருக்கீங்களே, ஒரு தடவையாவது உங்க கம்பெனிக்கு நான் மெயில் போட்டு, எம்புருசன எதுக்குச் சாரம் கட்ட விடுறீங்கன்னு கேட்டிருக்கேனா?" என்று நீ கேட்டதை அறையே கேட்டது. அருள்ராஜ் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். நீ வைத்த பிறகு பாய், "வாங்குனது முழு அடி மாப்ள, ஆனா ஞாயமான அடி" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த மீன் துண்டை எனக்கு வைத்தார்.

கொரியா ஆபீசில் இருக்கும் அம்மாள் ஒருவர் எழுதிய பதிலைச் சதக் வாசித்தான். என்ன பொறுமை வள்ளி அவருக்கு! பாஸ்போர்ட் டீச்சருடையது, அதனால் டீச்சரிடம் இருக்கும் என்று எழுதியிருக்கிறார். கஃபீல் என்ற சொல்லைத் தங்கள் விதிகளில் தேடியும் கிடைக்கவில்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறார். வகுப்பறையைப் பிள்ளைகளே பெருக்குவார்கள், டீச்சர் விரும்பினால் சேர்ந்துகொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார். கடைசியில், பள்ளிக்கூட லீவில் பாடம் இல்லாத நாட்களிலும் டீச்சர் வந்து மேசையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், இதில் பலருக்கு வருத்தம் உண்டு, முன்கூட்டியே தெரிவிக்கிறோம் என்று ஒரு வரி.

இதைக் கேட்டதும் பாய் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "வேல இல்லாட்டியும் வந்து உக்காரச் சொல்றானா? அல்ஹம்துலில்லாஹ்! அப்ப இது நெஜமான கம்பெனிதான்" என்றார். சதக் மறுபடியும் ஒப்பந்தத்தைப் புரட்டி, 'நிர்வாகம் சொல்லும் மற்ற பணிகளையும் செய்ய வேண்டும்' என்ற வரியையும் கண்டுபிடித்தான். இங்கே அதே மாதிரி ஒற்றை வரியை வைத்துத்தான் எலக்ட்ரீஷியனாக வந்த என்னைச் சாரத்தின் உச்சியில் ஏற்றினார்கள். அதைப் பார்த்ததும் அறைக்கே நிம்மதி. உன் ஒப்பந்தம் பாஸாகிவிட்டது. அருள்ராஜ் சேமியா பாயசம் வைத்தான்.

எனக்கு மட்டும் அது இறங்கவில்லை. நேற்று நீ அனுப்பிய செய்தி அதற்குள் வந்துவிட்டது. "நீங்க சொன்னபடியே விட்டுடறேன். அகிலாவையும் தேனியில விட மனசு வரல" என்று ஒரே வரி. நீ நான்கு வரி திட்டினால் எனக்குத் தெம்பு, ஒரு வரி எழுதினால் பயம்.

நான் நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தது பாஸ்போர்ட்டுக்கு இல்லை. நீ என்னைவிடத் தூரமான ஊருக்குப் போய், என்னைவிட நன்றாகச் சம்பாதித்து, தனி வாஷிங் மெஷினில் துவைத்து, ஒரு நாள் 'இந்த மனுஷன் இல்லாமலும் ஓடத்தான் செய்கிறது' என்று நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன். அவ்வளவுதான்.

இருபத்தைந்து வரை நாள் இருக்கிறது. அதற்குள் வேண்டாம் என்று அவர்களுக்கு எழுதிவிடாதே. நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அழகுமலை

ருவைஸ்
ஜூன் 23

அன்புள்ள வள்ளிக்கு,

நலம். உண்மையிலேயே நலம்.

என் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக்கும் பேப்பர் கையெழுத்துக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் அதை நான் வாசித்ததே இல்லை, கை காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வருவேன். இந்த முறை உன் ஒப்பந்தத்தைப் பார்த்த அதே குழுவிடம் கொடுத்தேன். சதக் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு வரிக்கும் பாய் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "கொக்கி ஒண்ணுகூட விட்டுப்போகல, ரொம்ப நம்பகமான கம்பெனி" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

மேனேஜர் கூப்பிட்டுச் சம்பளம் போதவில்லையா என்று இந்தியில் கேட்டார். என் மனைவிக்குக் கொரியாவில் டியூட்டி, எனக்குச் சொந்த ஊரில், நத்தத்தில் டியூட்டி என்று சொன்னேன். அங்கே என்ன போஸ்ட் என்று கேட்டார். அப்பா போஸ்ட் என்றேன். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். வேறொன்றும் கேட்காமல் கலாஸ், முடிந்தது என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

உன்னிடம் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன் என்று கோபப்படாதே. அகிலாவிடம் கேட்டேன். நேற்று மாலை நீ டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள்தான் போனை எடுத்தாள். அம்மா ஒரு வருஷம் போகட்டும், அப்பா வந்து உன்னைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்றேன். உன் மகளாயிற்றே, உடனே சரி என்று சொல்லவில்லை. "எனக்கு ரெண்டு சடை போட்டுவிட உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொன்னேன். "பொய் சொல்றீங்க" என்றாள். பிறகு நிபந்தனைகள் வந்தன. தினம் இரட்டைச் சடை, சனிக்கிழமை புரோட்டா, பேரண்ட்ஸ் மீட்டிங்கில் அதிகம் பேசக் கூடாது, மறுபடி பிளேன் ஏறக் கூடாது. கொரியாக்காரனைவிடக் கறார்.

நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். இனிமேல் அவள்தான் என் கஃபீல். ஊருக்கு வந்ததும் என் பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுக்கிறேன். தன் பொம்மைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொள்ளட்டும்.

பயிற்சி தொடங்கிவிட்டது. அறை துடைக்கிற மாப்பைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டாகப் பிரித்துப் பின்னிப் பார்க்கிறேன். சாரத்துக்குக் கயிறு கட்டிய கை, அதனால் இறுக்கமாக வருகிறது. பிள்ளைக்குத் தலை வலிக்கும் என்று அருள்ராஜ் சொன்னான். அவனுக்கு மூன்று தங்கைகள், ஆகவே அவன்தான் வாத்தியார். நேற்று ரசம் வைக்கவும் சொல்லிக்கொடுத்தான். பாய் ஒரு வாய் குடித்துவிட்டு, பிள்ளை பாவம் என்றார். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, தேறிவிடுவேன்.

அந்த ஊரில் ஊறுகாயையே குழம்பு மாதிரி வைத்துச் சாப்பிடுவார்களாம். அருள்ராஜ் உனக்காகப் பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் இடித்துக்கொண்டிருக்கிறான். குளிர் அதிகம் என்கிறார்கள். சதக் தனக்கு வாங்கிய கம்பளிச் சட்டையைக் கொடுத்திருக்கிறான், இந்த ஊரில் அதை எதற்கு வாங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. லீவு நாளில் சும்மா உட்காரச் சொன்னால் உட்கார்ந்துகொள். கல்யாணமானதிலிருந்து நீ சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் அதற்கும் சம்பளம் வரட்டும்.

ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம் வள்ளி. இது நீ கேட்ட ஆலோசனை, தாமதமாகச் சொல்கிறேன். நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. நல்ல பேனாவால் போடு.

ஆகஸ்ட் முதல் வாரம் வீட்டில் இருப்பேன். நீ கிளம்பப் பதினைந்து நாள் போலக் கிடைக்கும். சண்டை போட்டாலும் அதற்குள் போட்டு முடித்துக்கொள்ளலாம்.

மதுரை ஏர்போர்ட்டுக்கு அகிலாவைக் கூட்டிக்கொண்டு நான் வருவேன். இத்தனை வருஷம் நீ நின்ற அந்தக் கண்ணாடிக்கு வெளியே இந்த முறை நான் நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் நான் திரும்பிப் பார்க்காமலே உள்ளே போய்விடுவேன் என்று நீ குறைபட்டாய். கோபத்தால் இல்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன். நீ நல்லபடியாகப் போய்வா, அழகர் உன் கூடவே வருவார். ஆனால் உள்ளே போகும்போது, எனக்காக ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போ.

உன்,
அழகுமலை