என் ஜெபத்துக்கு நீ வாங்கிய அடி

பாசத்துக்கும் என் பொறாமைக்கும் உரிய அண்ணே,

நம் கோயிலின் வரலாற்றுப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. உனக்கு முழுதாக நான்கு பக்கம், படத்தோடு. எனக்கு ஒரே வரி: "அவருடைய தம்பி மணி அடித்தார்." எண்பது வயதிலும் வயிறு எரிகிறது, போ.

ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் வெள்ளைக்காரப் போதகரைச் சிறைபிடித்துப் போனபின், ஞாயிறு ஆராதனையை நீதான் நடத்தினாய். ஜெபப்புத்தகத்தில் இங்கிலாந்து ராஜாவுக்கான ஜெபத்தின்மேல் பழுப்புக் காகிதம் ஒட்டிவைத்தாய். அந்த இடம் வந்தால் தாண்டிப் படிப்பாய். சபையே உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் மணிக்கயிற்றைப் பிடித்தபடி உன்னை முறைத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு ஞாயிறு உனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புத்தகத்தை என்னிடம் நீட்டினாய். நான் வாங்கவில்லை. உன்னைப்போல் பார்த்துப் படிப்பதா? மனப்பாடமாகவே சொல்லிக் காட்டுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு, ராஜாவுக்கும் வெற்றி கேட்டுவிட்டுத்தான் நின்றது.

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஜெலுத்தோங்கில் நம் வீட்டு வாசலில் ஜப்பான் போலீஸ். யார் ஜெபித்தது என்று கேட்டார்கள். என் கால் நகரவில்லை. நீ முன்னே போனாய். போகிற போக்கில் கம்மிய குரலில், "வாயத் தொறக்காதடா. அம்மாவுக்கு ஒரு புள்ளையாச்சும் வீட்டுல இருக்கட்டும்" என்றாய்.

பத்து நாள் கழித்துத்தான் உன்னை விட்டார்கள். உன் இடது காது அதன்பிறகு கேட்கவே இல்லை. அந்த அடி எனக்கு வரவேண்டியது, அண்ணே. அதையும் ஏன் நீயே எடுத்துக்கொண்டாய்? கடைசிவரை உன்னிடம் ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை. அதற்கும் பொறாமைதான் காரணம்.

ஜெபித்தது நான்தான் என்று அன்று கோயிலில் இருந்தவர்கள் யாரும், நீ கேட்டுக்கொண்டதற்காக, கடைசிவரை வெளியே சொல்லவில்லை. அவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருவன். நீ துணிந்து ராஜாவுக்காக ஜெபித்தாய் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். சபைச் செயலாளராக இருக்கும் பெண் நேற்று அதைக் கொண்டுவந்தாள். "அங்கிள், எல்லாம் சரிதானே? இங்க ஒரு சைன் போட்டா போதும்லா" என்றாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு சபை நடுவில் எழுந்து நின்று உண்மையைச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. சொன்னால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தம்பியின் தப்புக்கு அடிவாங்கிய அண்ணன் என்று உனக்கு இன்னும் நான்கு பக்கம் கூட்டுவார்கள். எனக்கு எரியத்தான் செய்யும். ஆனாலும் சொல்வேன்.

அன்று வாசலில் வாய் திறக்காமல் நின்ற,
உன் தம்பி