நேராகிவிட்ட கட்டங்கள்

பெரியவளின் அம்மாவுக்கு,

என் வலது கண்ணில் மூன்று மாதத்தில் மூன்று ஊசி போட்டார்கள். கண் பிழைத்துவிட்டது. பதறாதே, மரத்துப்போக மருந்து விட்டுத்தான் குத்தினார்கள். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

ஊசிக்கு முன்பு ஒரு நாள், கடைக்கு வந்த துணியில் கட்டம் கோணலாக இருக்கிறதென்று தறிக்காரரைத் திட்டிவிட்டு, எல்லாவற்றையும் திருப்பி அனுப்ப மூட்டை கட்டினேன். பக்கத்துக் கடைத் தையல்காரம்மா பிரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, துணி நேராத்தான் இருக்கு. ஒவ்வொரு கண்ணா மூடிப் பாருங்க."

இடது கண்ணுக்குக் கட்டம் நேராக இருந்தது. வலது கண்ணுக்கு நெளிந்தது. விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன, விட்டால் பார்வை போய்விடும் என்றார் டாக்டர்.

இன்று அதே துணியை விரித்தேன். ஒரு கோடுகூட வளையவில்லை! உடனே தறிக்காரரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன்.

"முதலாளி, கண்ணு நல்லாயிடுச்சுல்ல, அது போதும்" என்றார்.

தினமும் கட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சோதிக்க வேண்டுமாம். கடையில் கட்டத் துணி மலையாகக் கிடக்கிறது, இருந்தாலும் நம் வீட்டுக் கட்டம் போட்ட போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. டாக்டரிடம் பேரம் பேசியும் படியவில்லை: கசிவு திரும்பாமலிருக்க இன்னும் ஒரு வருடம், இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி, ஒன்றுகூடத் தள்ளுபடி கிடையாது.