தறிச் சத்தத்தில் தூங்கிய குட்டி

ஜூன் 9, திங்கள்

எட்டு மணிக்கே புழுக்கம். சட்டை நனைந்துவிட்டது.

பல வருடங்களுக்கு முன் என் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஓர் இளம் ஆசிரியை கேட்டது ஏனோ நினைவில்: "வகுப்பு அமைதியா இருந்தா பாடம் ஏறுதுன்னு அர்த்தமா சார்?" இல்லை என்றேன். பானை சத்தம் போடவில்லை என்றால் சோறு வெந்திருக்கலாம், அடுப்பும் அணைந்திருக்கலாம், மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உதாரணம் வேறு. உதாரணத்துக்கு என்னிடம் என்றைக்கும் பஞ்சமில்லை.

இன்றைய வேலை: நாய்க்குட்டி விசாரிப்பது. என் மனைவி சரோஜாவுக்கு இரண்டு காதும் மந்தம். மிஷின் மாட்டினால் தலைவலி என்று கழற்றிவிடுகிறாள். போன மாதம் நான் செய்யாறில் அக்கா வீட்டில் இருந்த அன்று, பட்டப்பகலில் எவனோ பின்சுவர் ஏறிக் கிணற்று மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனான். பத்தடி தூரத்தில் இவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் காதாக ஒரு நாய் வேண்டும். வேறு எதற்கும் இல்லை.

பார்க்க வேண்டியவை: தாய். கண், மூக்கு ஒழுகாமல். வயிறு உப்பாமல். ஊசி அட்டை. எட்டு வாரம் நிறைந்ததா.

ஜூன் 11, புதன்

கண்ணமங்கலம். போனில் படம் அனுப்பியவர் வீட்டு விலாசம் தரவில்லை, பஸ் ஸ்டாப்புக்கே வரச் சொன்னார். ஆப்பிள் அட்டைப்பெட்டியில் இரண்டு குட்டிகள். கண்ணெல்லாம் பீளை.

"தாய் எங்கங்க?"

"ஊர்ல கீது சார்."

"எந்த ஊர்ல?"

"இன்னா சார், பொண்ணு பாக்கவா வந்துகிறீங்க? புட்ச்சா எடுங்க. ஜல்தி, எனக்கு பஸ் வந்துரும்."

பெண் பார்க்கப் போனாலும் தாயைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 13, வெள்ளி

படவேடு பக்கம் ஒரு நாய்ப் பண்ணை. பஸ்ஸுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். ஆறு ஜாதி, ஒரே கொட்டகை, நாற்றம். தாயைக் காட்டினார்கள். எழுந்து நிற்க முடியவில்லை அதற்கு. ஊசி அட்டை மட்டும் வெகு சுத்தம். ஒரே பேனா, ஒரே சாய்வு. அடுத்த மாத ஊசிக்கும் டிக். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்பிய வருகைப் பதிவேடு எத்தனை பார்த்திருப்பேன்.

"அடுத்த மாசத்து ஊசி எப்பம்மா போட்டீங்க?"

"அது அட்வான்ஸுங்க."

திரும்பும் வழியெல்லாம் எரிச்சல். மகள் போனில்: "ஏம்ப்பா இந்தப் பேஜாரு? ஒரு கேமரா வச்சுடலாம்." கேமராவைப் பார் என்று சரோஜாவுக்கு யார் போய்ச் சொல்வது?

கால் வீக்கம். உப்புத் தண்ணீர்.

ஜூன் 16, திங்கள்

கிடைத்துவிட்டது. இந்த ஊரிலேயே. விசைத்தறி வைத்திருக்கும் தனபால், தறிக் கொட்டகைக்குப் பின்னால் ராஜபாளையம் ஜோடி வளர்க்கிறார். தாய் உண்டு, தகப்பன் உண்டு. அட்டையில் பூச்சி மருந்து ஒரு மையில், ஊசி வேறு மையில். நான்கு குட்டிகள், பால் வெள்ளை.

தறிகள் ஓடும்போது அங்கே யாரும் பேசுவதில்லை. எல்லாம் கை ஜாடைதான். நின்றிருந்த பக்கத்துத் தறியைத் திடீரென்று ஓட்டினார்கள். இரண்டு குட்டிகள் பதறி ஓடின. இரண்டு அசையவேயில்லை. தனபால் என் காதருகே கத்தினார்: "அது ரெண்டும் சாது சார். தறியே தலமேல வுழுந்தாலும் தூங்கிகினு இருக்கும்."

அந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கையைக் காட்டியதும் வந்து விரலை நக்கியது. தைரியசாலி. பெயர் வெள்ளையன்.

ஜூன் 17, செவ்வாய்

எவர்சில்வர் தட்டு விழுந்தது. வெள்ளையன் தூக்கம். குக்கர் விசில். தூக்கம். பின்னால் நின்று கை தட்டினேன். ஒன்றுமில்லை.

சரோஜா முந்திக்கொண்டாள்: "இன்னாங்க, நீங்க கூப்ட்டா இதுவும் என்னாட்டமே உங்க மூஞ்சப் பாக்குது."



ஜூன் 18, புதன்

கால்நடை மருத்துவமனை. டாக்டரம்மா: "முழு வெள்ளைக் குட்டிங்கள்ல காது கேக்காதது உண்டு சார். பொறவியிலயே. மத்தபடி நல்ல ஆரோக்கியம்."

தனபாலுக்கு போன். நிஜமாகவே திகைத்தார். "சாதுன்னுதான் சார் நாங்களும் நெனச்சிகினு இருந்தோம். கொணாந்துடுங்க, வேற தரேன். இத வேற யாருக்குனா குடுத்துக்கறேன்."

"காது கேக்காதுன்னு சொல்லிக் குடுப்பீங்களா?"

"அதச் சொன்னா யார் சார் வாங்குவாங்க?"

திருப்பித் தர மனம் வரவில்லை. ஏமாற்றியவனிடம் கோபப்படலாம். இவர் ஏமாற்றவில்லை. மூடியைத் திறந்து பார்க்காதவன் நான்.

சரோஜா: "வூட்ல மூணு பேரு. கேக்கறது உங்க ரெண்டு காதுதான். எங்கயும் போவாதீங்க." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். போகாமல் முடியாது.

ஜூன் 21, சனி

ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்தடை. தறிகள் நிற்கும். அதற்காகவே இன்று தனபால் வீட்டுக்குப் போனேன், காது கேட்கும் குட்டி ஒன்றையும் வாங்கிவர. தெருவே காலியானது போல் ஓர் அமைதி.

மீதி மூன்று குட்டிகள் தட்டில் வாய் வைத்திருந்தன. பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போட்டேன். இரண்டு சட்டென்று திரும்பின. ஒன்று தின்றுகொண்டே இருந்தது. தனபால் தானே எடுத்து இன்னொரு முறை போட்டார். அது அப்போதும் திரும்பவில்லை.

கேட்கும் இரண்டும் நேற்றே வேறு ஆட்களுக்குப் பேசி முடிந்ததாம். "அடுத்த ஈத்து வரைக்கும் பொறுங்க சார்." பொறுமை என் தொழில்தான், ஆனால் திருடனுக்கு அது தெரியாதே. மூன்றாவதின் அட்டையில் 'காது கேளாது' என்று எழுதச் சொன்னேன். பேனா கொடுத்தேன். எழுதும் வரை நகரவில்லை. எழுதினார்.

வீட்டுக்கு வந்து, பழக்க தோஷம், கதவைத் தட்டினேன். இருவரும் வரவில்லை. சாவி போட்டுத் திறந்தேன்.

யாராவது கேட்டால் சொல்ல: குட்டி பார்க்க மின்தடை நாளில் போகவும். அதன் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் கீழே போடவும்.