கலந்து வந்த கண்ணாடிக் கெளுத்திகள்

பிப்ரவரி 4

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். அம்மா நலம், அவளும் மூட்டுவலியும் வழக்கம்போல் சண்டை போட்டுக்கொண்டு ஒன்றாக இருக்கிறார்கள். நீ மீன் ஆய்வகத்திலேயே குடியிருப்பதாகக் கேள்வி. நேரத்துக்குச் சாப்பிடு.

விஷயம் இதுதான். நேற்று நம் வளர்ப்பு மீன் கடைக்கு வந்த கண்ணாடிக் கெளுத்திப் பையில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. உடம்பு அதே கண்ணாடிதான், முள்ளெல்லாம் தெரிகிறது. ஆனால் லேசாக மஞ்சள் ஓடுகிறது, மீசை வால்வரை நீள்கிறது. மீன் விற்க உட்கார்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

பையைப் பார்த்ததும் அவிழ்க்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டேன். வாயை மடித்து, ரப்பர் சுற்றி, அதன்மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம். தண்ணீரில் ஒரு காய்ந்த இலை. இப்படிக் கட்டுகிற ஆள் உன் அத்தான் ஒருவர்தான். ஆற்றில் மீன் பிடிக்கப் போனவரின் படகுதான் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. இது எந்த ஓடை மீன் என்று நீ சொல்லிவிட்டால் அவர் இருக்கும் இடம் தெரிந்துவிடும். படம் வைத்திருக்கிறேன்.

பைத்தியம் என்று நினைக்காதே.

அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். நீ சாப்பிடுகிறாயா என்று அம்மாவிடம் கேட்டால் வேறு பதில் வருகிறது.

படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே தெரிகிற எல்லா மீனையும் ஒரே பெயரில் விற்றுப் பழகிவிட்டார்கள். புத்தகங்களிலேயே வெகுகாலம் தப்பான பெயர்தான் இருந்தது. சாதாரணக் கண்ணாடிக் கெளுத்திக்கு முதுகில் மயிர்போல ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். அது இருக்கிறதா, வயிற்றுக்கடியில் ஓடும் துடுப்பில் எத்தனை முள் என்றெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்க்கவேண்டும். ஒன்றை ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பு.

அத்தான் அந்தக் கட்டை யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கலாம். மனக்கோட்டை கட்டாதே அக்கா.

உன் சோடாபுட்டி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

கொல்ல மனம் வரவில்லை. தானாக ஒன்று செத்தது. செத்ததும் உள்ளே ஒன்றும் தெரியாமல் பால்போல் வெளுத்துவிட்டது. அதை அனுப்பியிருக்கிறேன்.

பழைய கெளுத்திகள் மோட்டார் தள்ளும் தண்ணீரை எதிர்த்து நிற்கின்றன. புதிதாக வந்தவை மட்டும் பின்கதவைப் பார்த்து நிற்கின்றன. அவர் பையும் கையுமாக நுழையும் கதவு. தொட்டியைத் திருப்பி வைத்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் கதவைப் பார்த்தபடிதான். போய்த் திறந்தேன். சந்தில் பூனைகூட இல்லை. "யாருடி வந்தா?" என்றாள் அம்மா. "யாருமில்லம்மா" என்று சொல்லிவிட்டு டீ போட்டேன். ஊற்றி முடித்துப் பார்த்தால் மூன்று டம்ளர்.

மொத்த வியாபாரியைக் கேட்டேன். "மேலாத்துப் பக்கத்துலேர்ந்து வருதும்மா. நடுவுல எத்தனையோ கை மாறுது, பிடிக்கிறவன் யாருன்னு நான் எங்க போய்க் கேக்க?" என்கிறான். ஓடை தெரிந்ததும் நீயே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு எழுது. நீ சொன்னால் அடுத்த வண்டியில் நான் வருகிறேன்.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்கா,

போய் வந்தேன். மேலாற்றில் முடிந்த இடமெல்லாம் பார்த்துவிட்டேன். அத்தான் இல்லை. நீ அனுப்பியது சாதாரணக் கண்ணாடிக் கெளுத்திதான், கொஞ்சம் வளர்ந்தது. எல்லா ஓடையிலும் கிடைக்கிறது. சந்தேகமே இல்லை.

இதை இத்தோடு விட்டுவிடு. அம்மாவை அழைத்துக்கொண்டு வந்து என்னோடு கொஞ்ச நாள் இரு.

தம்பி

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்பிரிட்டில் போடுமுன் நானும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதுகு வழவழவென்று இருந்தது, துடுப்பே கிடையாது. எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் போகுமா? மீன் விஷயத்தில் நீ விளையாட்டுக்குக்கூடப் பொய் சொன்னதில்லை.

அத்தான் செத்திருந்தால் நீ மீனின் பெயரை மறைத்திருக்க வேண்டாம். ஓடையின் பெயரையும் எழுதி, "அவர் இல்லைக்கா" என்று முடித்திருப்பாய். எல்லா ஓடையிலும் கிடைக்கும் மீன் என்று ஆக்கிவிட்டால் நான் எந்த ஓடைக்கும் போகமாட்டேன். நான் வந்துவிடக் கூடாது என்று அங்கே ஒருவர் உன் கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்.

ஏன், அவரோடு யார் இருக்கிறார்கள், ஒன்றும் கேட்கப்போவதில்லை. உன்மேல் கோபம் இல்லை. இருக்கிறது, போய்விடும். ஆற்றோடு போய்விட்டார் என்று ஊரே சொன்னபோது மாய்ந்து மாய்ந்து அழுதேன். இப்போது ஒரு சொட்டு வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

அவர் படத்தை மாட்டிவிடலாம் என்று அம்மா கெஞ்சிக்கொண்டே இருந்தாள். செத்துப்போன அப்பாவின் பக்கத்தில் உயிரோடு இருப்பவரை மாட்டுவார்களா என்று நான் ஆணி அடிக்க விடவில்லை. இன்று காலை நானே அடித்து மாட்டினேன். அவரைப் பார்த்தால் சொல்லிவிடு.

அக்கா