பந்தியைக் காட்டு, மாப்ள

மாப்ள,

இன்று காலை மகபூப்பாளையத்தில், உன் தெருவிலேயே, பழைய கறுப்பு கேபிளை இறக்கினோம். அந்தப் பக்கம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். வெயிலில் வெந்து கிடந்த வயரை நறுக்கும்போது கிளம்பிய ரப்பர் வாசனை கையில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது, நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. உன் சட்டை எப்போதும் இப்படித்தானே மணக்கும்.

செக்கானூரணிப் பக்கம் பருத்திக்காட்டை விட்டுவிட்டுக் காளவாசலுக்கு வந்தவன் நான். நீ இங்கேயே பிறந்து வளர்ந்தவன். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மாடி அறையைப் பிடித்து, மொட்டைமாடியில் டிஷ்களை நிறுத்திக் கேபிள் டிவி தொழிலை ஆரம்பித்தோம். நான் அறைக்குள் இருப்பேன். நீ தெருவில் இருப்பாய். கிரிக்கெட் நடக்கும்போது படம் போய்விட்டால், மாடிக்கு மாடி தாவி வயரைச் சரிசெய்வாய். கீழே நின்று உன்னைத் திட்டிய ஆட்களே, படம் வந்ததும் டீ வாங்கிக் கொடுப்பார்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார்கள், எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு உன் மூலமாகத்தான் தெரியவரும்.

பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. முதலில் கே.கே. நகர்க்காரர்கள்தான் செட்டாப் பாக்ஸைத் திருப்பித் தந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்வதால் இது சும்மாதான் கிடக்கிறது என்று ஒரு அம்மா சொன்னாராம். நீ பாக்ஸைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, ஒரே மூச்சில் தண்ணீர் குடித்தாய். கோபம் வந்தால் சத்தம் போடுகிற ஆள் நீ. அன்று சத்தம் போடாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாமும் ஃபைபர் இழுத்து நெட் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது நீ என்னிடம் சரியாக முகம் கொடுக்கவில்லை. "டிவின்னா நாலு பேரு சேந்து பாக்குறது மாப்ள. மூலைக்கு ஒருத்தரா போனை வச்சுக்கிட்டு உக்காந்தா, அது வீடாடா?" என்றாய். ஆனால் லைனில் வேலை பார்க்கும் பையன்களுக்குக் கல்யாண வயதாகிறது என்பதை நினைத்தோ என்னவோ, ஒருநாள் காலையில் நீயே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபைபர் இழையை ஒட்டப் பழகினாய். முடியைவிட மெல்லிய அந்த இழையை உன் தடித்த விரல்கள் எவ்வளவு பக்குவமாகப் பிடித்தன! ஊருக்கெல்லாம் நெட் கொடுத்தாய். நீ மட்டும் கடைசிவரை போனில் எதையும் பார்க்கவில்லை.

உன் மகள் பர்வீனுக்கு நிக்காஹ் பேசி முடித்த சமயத்தில்தான் உனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. நுரையீரலில் நோய் பிடித்திருக்கிறது, ஆஸ்பத்திரியை விட்டு இப்போதைக்கு அசையக்கூடாது என்றார்கள். தேதியைத் தள்ளிவைக்கலாம் என்று தங்கச்சி, உன் வீட்டுக்காரி, அழுதது. நீ சம்மதிக்கவில்லை. துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் மாப்பிள்ளை திரும்பிப் போகவேண்டும், எனக்காக யாரும் நிற்கக்கூடாது என்று சொல்லி, உன் தம்பியைப் பெண்ணின் சம்மதம் கேட்டுச் சொல்லும் வக்கீலாக நிற்கச் சொன்னாய். மஹாலிலிருந்து நேரடியாக உனக்குப் படம் காட்டுகிறேன் என்று நான் சொன்னேன். மாஸ்க்குக்குள் சிரித்தாய்.

"எம் மக கல்யாணத்தை நான் போன்ல பாக்கணுமாடா?"

அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. நேராக மஹாலுக்குப் போனேன். பையன்களைக் கூட்டி, நம் ஃபைபரையே மேடைவரை இழுத்து, கேமராவை நிறுத்தி, உன் முகம் தெரிய ஒரு டேப்லெட்டையும் வைத்தேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உன் மகன் இன்னொரு டேப்லெட்டோடு இருந்தான். காலையில் எல்லாம் சரியாகத்தான் ஓடியது. நிக்காஹ் ஓதிவைக்கும் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்து, பெண்ணிடம் சம்மதம் கேட்கப் போகிற நேரத்தில் உன் முகம் அப்படியே நின்றுவிட்டது. பிறகு திரையே கறுத்துவிட்டது. எங்கள் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை. உன் வார்டில்தான் சிக்னல் போய்விட்டது.

உள்ளே பெண்கள் பக்கத்திலிருந்து உன் தம்பி வியர்த்துப்போய் வெளியே வந்தான். பர்வீன் வாயே திறக்கவில்லையாம். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முக்காட்டுக்குள் தலை குனிந்திருந்த பிள்ளை, என் குரல் கேட்டதும் நிமிர்ந்தது.

"அத்தா மொகம் தெரியட்டும் மாமா. அதுவரைக்கும் நான் சொல்ல மாட்டேன்."

ஹஜ்ரத் நல்ல மனிதர். காத்திருப்போம் என்று சொல்லிவிட்டார். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். நான் உன் மகனுக்குப் போன் போட்டேன். வார்டின் கோடியில் ஜன்னலோரம் மட்டும் சிக்னல் இருக்கிறது, அத்தாவை அசைக்கப் பயமாக இருக்கிறது என்றான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து, தானே கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஜன்னலோரம் தள்ளியிருக்கிறார். ஆக்ஸிஜன் சிலிண்டரை உருட்டியது பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி. இதெல்லாம் பிறகு உன் மகன் சொன்னது. எனக்குத் தெரிந்ததெல்லாம், கறுத்த திரையில் முதலில் ஜன்னல் கம்பி வந்தது, அப்புறம் நீ வந்தாய். யாரோ உனக்குத் தொப்பி போட்டுவிட்டிருந்தார்கள்.

டேப்லெட்டைத் தூக்கி பர்வீன் முன்னால் பிடித்தேன். நீ மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாய்.

"சொல்லும்மா. அத்தா பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

பிள்ளை சம்மதம் சொன்னது. உன் தம்பி அழுதான். நான் டேப்லெட்டின் பின்பக்கம் நின்றதால் என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

துஆ ஓதி முடித்ததும் நீ களைத்துத் தூங்கியிருப்பாய் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உன் குரல். "பந்தியக் காட்டு மாப்ள." கேமராவைக் கழற்றிக்கொண்டு சாப்பாட்டுப் பக்கம் போனேன். வரிசை வரிசையாக நடந்தேன். நீ ஒவ்வொரு இலையையும் பார்த்தாய். கடைசி வரிசையில் மீன்கடைக்காரருக்குத் தால்சா வைக்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னாய். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து உனக்கு சலாம் சொன்னார்கள். உன் பக்கமோ, ஜன்னலோரம் நாலைந்து நோயாளிகள் கட்டிலைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். பிரியாணி எப்படி என்று ஒரு கிழவர் கேட்க, நீ என்னை ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லச் சொன்னாய். நல்லா இருக்கு என்றேன்.

அந்த மாதம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். கபர்ஸ்தானில் உன் தம்பி என் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனான். நானும் மண் போட்டேன்.

தொழில் இப்போது முக்கால்வாசி நெட்தான். கேபிள் கேட்பவர்கள் வயதானவர்கள். அவர்களுக்காக அறையில் இரண்டு கேபிள் பெட்டிகள் இன்னும் ஓடுகின்றன. பர்வீன் துபாயிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுகிறது. அதன் மகனுக்கு உன் மூக்கு.

போன வாரம் கே.கே. நகரில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்கு நெட் கொடுக்கப் போனோம். பையன்கள் வழக்கம்போல ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மோடத்தை மாட்ட ஆணியை எடுத்தார்கள். நான் தடுத்து, அவர் எங்கே படுப்பார் என்று கேட்டேன். உள் அறையைக் காட்டினார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னேன். வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, மகள் என்றார். இப்போதே கூப்பிடச் சொன்னேன். அவருக்குக் கூச்சம். அங்கே வேலை நேரமாக இருக்கும் என்றார்.

"சும்மா கூப்புடுங்கய்யா. நல்லா தெரியுதான்னு பாத்துட்டுத்தான் நான் போவேன்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.